பலர் கையில் ஒரு செயலி

அச்சகத்திலிருந்து வெளிவந்த பாடநூல் எல்லா மாணவர் கையிலும் ஒரே நூலாகவே இருக்கும். 42ஆம் பக்கத்தில் உள்ள படம் நகரத்துப் பள்ளியிலும் 42ஆம் பக்கத்தில்தான் இருக்கும். தோட்டத்துப் பள்ளியிலும் அங்கேயேதான் இருக்கும். பிழை நேர்ந்தாலும் அஃது எல்லாருக்கும் பொதுவான பிழை. திருத்தப் பட்டியல் ஒன்றை அச்சிட்டு ஒட்டிவிட்டால் குறை தீர்ந்துவிடும். கைப்பேசியில் இயங்கும் செயலி அத்தன்மையது அன்று. அஃது ஒவ்வொருவர் கையிலும் திறக்கப்படும் அந்தக் கணத்தில் புதிதாக அச்சாகின்ற நூல். வைத்திருப்பவரின் கருவியே அதற்கு அச்சகம். அந்த அச்சகத்தின் தாள் அளவு, எழுத்துரு, அச்சுக்கோப்பவரின் திறமை யாவும் ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒருவர் கையில் செம்மையாக நிற்கும் பக்கம் இன்னொருவர் கையில் சரிந்து கிடக்கும். மூன்றாமவர் கையில் திறக்கவே மறுக்கும். செய்தவரோ தம் மேசையில் உள்ள கருவியில் அஃது அழகாகத் தெரிவதைக் கண்டு மனநிறைவுடன் வெளியிட்டுவிடுகிறார்.

இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது? 2007ஆம் ஆண்டில் ஐபோன் விற்பனைக்கு வந்தது. 2008ஆம் ஆண்டு ஜூலையில் ஆப்பிள் நிறுவனம் செயலிகளுக்கென ஓர் அங்காடியைத் திறந்தது. அதே ஆண்டின் பிற்பகுதியில் ஆண்டிராய்டு இயங்குதளத்தைக் கொண்ட முதல் கைப்பேசியாகிய எச்.டி.சி. டிரீம் வெளிவந்தது. ஆப்பிள் நிறுவனம் கருவியையும் இயங்குதளத்தையும் தன் கையிலேயே வைத்துக்கொண்டது. கூகுள் நிறுவனமோ ஆண்டிராய்டை மற்ற உற்பத்தியாளர்களும் எடுத்தாளும்படி வழங்கியது. சாம்சுங், சியாவுமி, ஓப்போ, விவோ என ஒவ்வொருவரும் அதனைத் தத்தம் விருப்பத்திற்கேற்ப மாற்றினர். ஒருவர் பொத்தான்களின் வடிவத்தை மாற்றினார். இன்னொருவர் மின்கலம் விரைவில் தீராதிருக்கப் பின்னணியில் இயங்கும் செயலிகளைத் தாமாகவே நிறுத்திவிடும் ஏற்பாட்டைச் செய்தார். ஓபன்சிக்னல் என்னும் நிறுவனம் 2012ஆம் ஆண்டில் எடுத்த கணக்கில் ஆண்டிராய்டு கருவிகளின் வகைகள் ஏறத்தாழ 4,000 இருந்தன. 2015ஆம் ஆண்டில் அதே நிறுவனம் மீண்டும் கணக்கெடுத்தபோது அவை 24,000ஐத் தாண்டியிருந்தன. மூன்றே ஆண்டுகளில் ஆறு மடங்கு!

கருவி வகை மட்டுமா? ஒரே வகைக் கருவியிலும் இயங்குதளத்தின் பதிப்பு வேறாக இருக்கும். ஒருவர் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பார். ஒருவர் திரையைக் கறுப்பாக மாற்றியிருப்பார். ஒருவரிடம் நினைவகத்தில் இடம் தாராளமாக இருக்கும். இன்னொருவருக்குப் பேரப்பிள்ளைகளின் படங்களை வைக்கவே இடம் போதாது. ஒருவர் கைப்பேசியைக் கிடையாகத் திருப்பிப் பிடிப்பார். பாதி வேலையில் ஒருவருக்கு அழைப்பு வந்துவிடும். இத்தனையையும் தாங்கி நிற்பதே நல்ல செயலி. இத்தனையையும் தாங்கி நிற்கிறதா என்று வெளியிடுமுன் ஆராய்ந்து பார்ப்பதே சோதனை.

தமிழுக்கு இதில் தனித் தொல்லைகள் உண்டு. தொடக்கக் காலக் கைப்பேசிகள் பலவற்றில் தமிழ் எழுத்தே கிடையாது. தமிழில் அனுப்பிய செய்தி வெற்றுக் கட்டங்களாக வரிசைகட்டி நின்றதைப் பலர் இன்னும் மறந்திருக்கமாட்டார்கள். அந்தக் காலத்திலேயே மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினம் என்னும் மென்பொருள் 2005ஆம் ஆண்டுப் பொங்கலையொட்டிச் சிங்கப்பூரில் வெளியீடு கண்டு, கைப்பேசியில் தமிழிலேயே குறுஞ்செய்தி அனுப்ப வழிகாட்டியது. இன்று கருவிகள் தமிழைக் காட்டத்தான் செய்கின்றன. ஆனால் காட்டுவது வேறு. சரியாகக் கையாள்வது வேறு.

தமிழாசிரியர்கள் எளிதில் உணர்ந்துகொள்ளக்கூடிய எடுத்துக்காட்டு ஒன்றைப் பார்க்கலாம். தமிழ்ச்செல்வன் என்னும் பெயரில் எத்தனை எழுத்து? த, மி, ழ், ச், செ, ல், வ, ன் என எட்டு என்று நான்காம் வகுப்பு மாணவனும் சொல்லிவிடுவான். கணினி அவ்வாறு எண்ணுவதில்லை. யூனிகோடு முறையில் மி என்பது மகரமும் இகரக் குறியுமாகிய இரண்டு. ழ் என்பது ழகரமும் புள்ளியுமாகிய இரண்டு. இவ்வாறு கூட்டினால் கணினியின் கணக்கில் அப்பெயர் 14 குறிகள் ஆகிறது. அவற்றைப் பரவலாக வழங்கும் சேமிப்பு முறையில் பதிந்தால் குறி ஒன்றுக்கு மூன்று பைட்டு வீதம் 42 பைட்டுகள் ஆகின்றன. இப்போது ஒரு செயலியில் மாணவர் பெயருக்குப் பத்து எழுத்து போதும் என்று ஒருவர் முடிவுசெய்துவிட்டார் என வைத்துக்கொள்வோம். எட்டெழுத்துப் பெயருக்குப் பத்தெழுத்து இடம் தாராளம் அன்றோ? ஆனால் திரையில் எஞ்சுவது ‘தமிழ்ச்செல’ என்பதுதான். பெயரின் வால் அறுந்ததோடு, லகரத்தின் தலையிலிருந்த புள்ளியும் போய்விட்டது. ஆங்கிலப் பெயர்களை மட்டும் இட்டுச் சோதித்தவருக்கு இந்தக் குறை ஒருநாளும் தென்படாது.

இன்னும் நுட்பமானது ஓகாரத்தின் கதை. கோ என்னும் எழுத்தைக் ககரத்தோடு ஓகாரக் குறி ஒன்றைச் சேர்த்தும் எழுதலாம்; இரட்டைச்சுழிக் கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்த்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. யூனிகோடு விதியும் அவ்விரண்டையும் ஒன்றாகவே கொள்ளச் சொல்கிறது. அந்த விதியைப் பொருட்படுத்தாத செயலியில் மாணவன் கோவில் என்று சரியாகவே விடை எழுதியிருந்தாலும் ‘தவறு’ என்று சிவப்பு எழுத்தில் வரும். தேர்வுத்தாள் திருத்துவோருக்கு இதன் கொடுமை விளங்கும்.

எழுத்துச் சிக்கல் எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்கு உலகறிந்த நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. 2018ஆம் ஆண்டு பிப்ரவரியில், தெலுங்குக் கூட்டெழுத்து ஒன்று ஐபோனுக்கு வரும் செய்தியில் இருந்தால் அச்செய்தியைக் காட்ட முயன்ற செயலி முடங்கிப்போவது தெரியவந்தது. ஆப்பிள் நிறுவனம் அதே மாதத்தில் 11.2.6 என்னும் பதிப்பை வெளியிட்டு அதனைச் சரிசெய்தது. ஒரு மொழியின் ஓர் எழுத்து, உலகின் பெரிய நிறுவனங்களுள் ஒன்றின் கருவியை முடக்கிவிட்டது. அந்த எழுத்தை நாள்தோறும் எழுதுவோர் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். ஆயினும் சோதனைச் சாலையில் அஃது எவர் கண்ணிலும் படாமல் தப்பிவிட்டது.

இவை பொறியியல் செய்திகள்தாமே, பள்ளிக்கூடத்திற்கு இவற்றால் என்ன என்று எண்ணுவோர் இருக்கலாம். 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபின் பள்ளிக்கூடமே கைப்பேசிக்குள் புகுந்துகொண்டது. அந்நாளில் ஆசிரியை ஒருவர் தம் நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு வினாவிடைச் செயலி ஒன்றின் வழியே பயிற்சிகள் அனுப்பிவந்தார். மாணவர்கள் விடையைத் தொட்டுத் தெரிவுசெய்து, இறுதியில் ஒரு பொத்தானை அழுத்தி அனுப்பவேண்டும். வகுப்பில் ஒரு சிறுவனின் விடை மட்டும் வரவேயில்லை. முதல் நாள், இரண்டாம் நாள் என்று இரண்டு வாரம் கழிந்தது. பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே ‘பங்கேற்கவில்லை’ என்னும் குறிப்பு வரிசையாக ஏறிக்கொண்டே போனது. ஆசிரியை அழைத்துக் கேட்டபோது அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான்: “எல்லாம் செஞ்சிட்டேன் டீச்சர். ஆனா அமுக்குறதுக்கு ஒன்னுமே இல்ல டீச்சர்.”

அவன் பொய் சொல்லவில்லை. அவர்கள் வீட்டில் இருந்தது பாட்டியின் கைப்பேசி. சிறிய திரை, பார்வை மங்கிய பாட்டிக்காக எழுத்து மிகப் பெரிதாக்கப்பட்டிருந்தது. செயலியின் ஆங்கிலப் பக்கத்தில் ஆறெழுத்துச் சொல் இருந்த இடத்தில் தமிழ்ப் பக்கத்தில் ‘சமர்ப்பிக்கவும்’ என்று போட்டிருந்தார்கள். எழுத்து பெருத்து, சொல்லும் நீண்டு, வினாக்கள் கீழ்நோக்கித் தள்ளப்பட்டு, பொத்தான் திரைக்கு வெளியே போய்விட்டது. பக்கத்தை மேலே தள்ளிப் பார்க்கவும் வழி இல்லை. அந்தப் பிள்ளை பதினான்கு நாளும் பாடம் படித்திருக்கிறான், விடையும் எழுதியிருக்கிறான், ஆனால் ஏட்டில் வராதவனாகவே இருந்திருக்கிறான். செயலியை உருவாக்கியவர்களுக்கு ஆசிரியை எழுதியபோது, தங்கள் கருவிகள் அனைத்திலும் அது நன்றாகவே இயங்குகிறது என்று பணிவான மறுமொழி வந்தது. அவர்கள் சொன்னதும் பொய்யன்று. குறை அங்கேதான் இருக்கிறது.

முன்பெல்லாம் இந்தச் சோதனையை மனிதரே செய்தனர்; இன்றும் பல இடங்களில் அவ்வாறே நடைபெறுகிறது. ஒருவர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, செயலியைத் திறந்து, பெயரை இட்டு, கடவுச்சொல்லை இட்டு, ஒவ்வொரு பொத்தானாக அழுத்திப் பார்ப்பார். ஐம்பது படிகளைக் கொண்ட சோதனையை நாற்பது கருவிகளில் செய்தால் இரண்டாயிரம் படிகள். மறுநாள் நிரலாளர் ஒரே ஒரு வரியை மாற்றுவார்; அதனால் வேறெங்கேனும் பழுது நேர்ந்ததா என்று பார்க்க மீண்டும் அதே இரண்டாயிரம் படிகள். நூறு கட்டுரைகளைத் திருத்துகிற ஆசிரியரின் கண் தொண்ணூறாவது கட்டுரையில் எப்படி இருக்கும் என்பதை இந்த நூலைப் படிப்போருக்குச் சொல்லவேண்டியதில்லை. மனிதன் அலுத்துப்போகிறான். அலுப்பு வந்த இடத்தில் பிழை ஒளிந்துகொள்கிறது. இந்த அலுப்பூட்டும் வேலையை இயந்திரத்திடம் ஒப்படைப்பதே தானியங்கிச் சோதனை.

இதன் வரலாறு சுவையானது. 2004ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் தாட்வொர்க்ஸ் நிறுவனத்தில் பணிபுரிந்த ஜேசன் ஹக்கின்ஸ் என்பவர், இணையப் பக்கங்களைத் தாமே அழுத்திப் பார்க்கும் கருவி ஒன்றை உருவாக்கி அதற்குச் செலினியம் என்று பெயரிட்டார். அக்காலத்தில் இத்துறையில் கொடிகட்டிப் பறந்த நிறுவனத்தின் பெயரில் மெர்க்குரி, அதாவது பாதரசம், இருந்தது. பாதரச நஞ்சுக்கு முறிவு செலினியம் என்பது அவருடைய வேடிக்கை. வேடிக்கையாக வைத்த பெயரே நிலைத்துவிட்டது. பின்னர்க் கைப்பேசிகள் பெருகின. 2011ஆம் ஆண்டில் சூஸ்க் என்னும் நிறுவனத்தில் சோதனைப் பிரிவைக் கவனித்துவந்த டேன் குவெல்லர், ஐபோன் செயலியைச் சோதிப்பதற்குச் செலவாகும் நேரத்தைக் கண்டு சலித்து, செலினியத்தைப் போன்றே எழுதக்கூடிய ஒரு முறையை ஐபோனுக்கும் அமைத்தார். 2012ஆம் ஆண்டில் இலண்டனில் நடந்த செலினியம் மாநாட்டில் அதனைச் சிறிது நேரம் செய்துகாட்டினார். ஹக்கின்சும் அவரும் கைகோத்தனர். செயலியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் தலையும் செலினியத்தின் வாலும் சேர்ந்து ஆப்பியம் என்னும் பெயர் பிறந்தது. எவரும் கட்டணமின்றி எடுத்தாளத்தக்க பொதுவுடைமையாக அஃது இன்றும் வளர்ந்துவருகிறது.

ஆப்பியம் செய்யும் வேலையை ஒரு மொழிபெயர்ப்பாளரின் வேலைக்கு ஒப்பிடலாம். ஐபோனை இயக்க ஆப்பிள் நிறுவனம் தந்துள்ள கருவிக்கு எக்ஸ்சியுஐடெஸ்ட் என்று பெயர். ஆண்டிராய்டை இயக்கக் கூகுள் தந்துள்ள கருவி யுஐ ஆட்டோமேட்டர். ஒன்றின் பேச்சு மற்றொன்றுக்குப் புரியாது. சோதிப்பவர் தமக்குத் தெரிந்த நிரல்மொழியில், ‘பெயர்ப் பெட்டியைக் கண்டுபிடி, இந்தப் பெயரை இடு, அனுப்பும் பொத்தானைத் தொடு, நன்றி என்ற சொல் தோன்றுகிறதா என்று பார்’ என எழுதுகிறார். அக்கட்டளைகள் ஒரு பொதுமொழியில் ஆப்பியத்திடம் போகின்றன. அது கருவிக்கேற்ப அவற்றை மாற்றி உரிய இடத்தில் சேர்க்கிறது. அந்தப் பொதுமொழிக்கு வெப்டிரைவர் என்று பெயர். 2018ஆம் ஆண்டில் உலகளாவிய வலை அமைப்பு அதனை ஒரு தரமாகவே ஏற்றுக்கொண்டது. இன்னொரு நல்ல கொள்கையும் ஆப்பியத்திற்கு உண்டு: சோதனைக்காகச் செயலியின் உள்ளே எதையும் மாற்றலாகாது என்பதே அது. மக்கள் கைக்குப் போகும் அதே பொருளையே சோதிக்கவேண்டும். மேற்பார்வையாளர் வருகிற நாளில் மட்டும் துடைத்துப் பளபளப்பாக்கிய வகுப்பறையைப் பார்த்து என்ன பயன்?

எழுதுவது எளிது, நிலைக்கும்படி எழுதுவதுதான் அரிது. பொத்தான் எங்கே இருக்கிறது என்பதை இயந்திரத்திற்கு எவ்வாறு சொல்வது? இடப்பக்கத்திலிருந்து 300 புள்ளி, மேலிருந்து 900 புள்ளி என்று சொன்னால் ஒரு கருவியில் பொத்தானைத் தொடும். அடுத்த கருவியில் வெற்றிடத்தைத் தொடும். மூன்றாவது பெட்டிக்குள் இரண்டாவது பெட்டி என்று சொன்னால், நாளை ஒருவர் இடையில் படம் ஒன்றைச் செருகும்போது வழி தவறிவிடும். சிறந்த முறை, ஒவ்வொரு பொத்தானுக்கும் அதன் பணியைச் சொல்லும் பெயர் ஒன்றைச் செயலிக்குள்ளேயே இட்டுவைப்பதாகும். ஆண்டிராய்டில் இதனால் எதிர்பாராத நன்மை ஒன்று விளைகிறது. சோதனை இயந்திரம் பொத்தானை அடையாளம் காண உதவும் விளக்கச் சொல்லையே, பார்வையற்றோருக்குத் திரையைப் படித்துச் சொல்லும் டாக்பேக் என்னும் வசதியும் படிக்கிறது. இயந்திரத்தின் குருட்டுக் கைக்கு வழிகாட்ட வைத்த பெயர், கண்ணிழந்த மனிதருக்கும் வழிகாட்டுகிறது. இத்துறையில் இதைவிட அழகிய செய்தி வேறு இருப்பதாகத் தெரியவில்லை.

காத்திருக்கத் தெரிவது இன்னொரு கலை. பொத்தானை அழுத்தியவுடன் விடை வந்துவிடாது. வலைத்தொடர்பு மெதுவாக இருக்கும். பழைய கருவி மூச்சுவாங்கும். ஐந்து விநாடி காத்திரு என்று எழுதிவைத்தால் விரைவான கருவியில் நேரம் வீண். மெதுவான கருவியில் ஆறாவது விநாடியில் வரும் விடையைக் காணாமல் ‘தோல்வி’ என்று எழுதிவிடும். ஆகவே விநாடியை எண்ணாமல், ‘நன்றி என்ற சொல் தோன்றும்வரை, முப்பது விநாடிக்கு மேற்படாமல் காத்திரு’ என்று எழுதுவதே முறை. இவ்வளவு செய்தும் சில சோதனைகள் தடுமாறும். எதையும் மாற்றாமலே காலையில் தேறி மாலையில் தோற்கும். தங்கள் சோதனை ஓட்டங்களுள் ஏறத்தாழ நூற்றுக்கு 1.5 இவ்வாறு தடுமாறுவதாகவும், சோதனைகளுள் ஏறத்தாழ நூற்றுக்கு 16 ஏதோ ஓரளவு தடுமாற்றம் உடையவை என்றும் கூகுள் நிறுவனத்தார் 2016ஆம் ஆண்டில் வெளிப்படையாகவே எழுதினர். அத்தனை வசதி படைத்தவர்களுக்கே இந்த நிலை. தடுமாறும் சோதனையால் வரும் கேடு நேர இழப்பு மட்டுமன்று. அடிக்கடி பொய்யாகக் கூவும் எச்சரிக்கை மணியை யாரும் மதிப்பதில்லை. உண்மையான பழுது நேர்ந்த நாளிலும் ‘இஃது எப்போதும் இப்படித்தான்’ என்று சொல்லிக் கடந்துவிடுவார்கள்.

சோதிக்கக் கருவிகள் வேண்டுமே, அவற்றுக்கு எங்கே போவது? கணினிக்குள்ளேயே கைப்பேசியைப்போல் நடிக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. நாள்தோறும் செய்யும் சோதனைக்கு அவை மிகவும் ஏற்றவை; மலிவானவை; விரைவானவை. ஆயினும் நடிப்பு நடிப்புதான். மின்கலம் தீரும் தறுவாயில் கருவி எப்படி நடந்துகொள்ளும், சூடேறினால் என்னவாகும், உற்பத்தியாளர் செய்த மாற்றம் எங்கே இடிக்கும் என்பவற்றை உண்மைக் கருவியே காட்டும். அதற்காகவே நூற்றுக்கணக்கான கைப்பேசிகளை அடுக்குகளில் வரிசையாக மாட்டி, மின்னிணைப்புக் கொடுத்து, தொலைவிலிருந்தே வாடகைக்கு இயக்க விடும் நிலையங்கள் ஏற்பட்டுள்ளன. அமேசான் நிறுவனம் 2015ஆம் ஆண்டில் அத்தகைய ஒன்றைத் தொடங்கியது. அந்நிறுவனம் அதற்குக் கருவிப் பண்ணை என்று பொருள்படும் பெயரையே வைத்தது. கையே படாமல் திரைகள் தாமாக ஒளிர்ந்து, எழுத்துகள் தாமாக விழுந்து, பக்கங்கள் தாமாகப் புரளும் அந்தக் கூடம் பேய்வீடு போலத்தான் இருக்கும்.

பண்ணை இருந்தாலும் எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் சோதிக்க முடியாது. கருவி வகை நான்கு, இயங்குதளப் பதிப்பு நான்கு, மொழி நான்கு, எழுத்தின் அளவு நான்கு, வலைத்தொடர்பின் தரம் நான்கு என்று மிகக் குறைவாகவே எடுத்துக்கொண்டாலும் 1,024 சேர்க்கைகள் உண்டாகின்றன. ஒன்றுக்குப் பத்து நிமிடம் என்றால் ஒரே கருவிவரிசையில் ஏழு நாளுக்கும் மேலாகும். இங்கே கணிதம் கைகொடுக்கிறது. பெரும்பாலான பழுதுகள் ஏதேனும் ஒரு காரணத்தாலோ இரண்டு காரணங்கள் சேர்வதாலோ உண்டாகின்றன என்பதை அமெரிக்கத் தர நிறுவனத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள் 2004ஆம் ஆண்டு ஆய்வில் எடுத்துக்காட்டினர். அவ்வாறாயின் எல்லாச் சேர்க்கைகளையும் பார்க்கவேண்டியதில்லை. எந்த இரண்டை எடுத்தாலும் அவை ஒருமுறையேனும் சந்தித்திருந்தால் போதும்.

சிறிய கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். திரை பெரிது அல்லது சிறிது. மொழி தமிழ் அல்லது ஆங்கிலம். தொடர்பு விரைவு அல்லது மெது. முழுச் சேர்க்கைகள் எட்டு. ஆனால் பெரிது-தமிழ்-விரைவு, பெரிது-ஆங்கிலம்-மெது, சிறிது-தமிழ்-மெது, சிறிது-ஆங்கிலம்-விரைவு என்னும் நான்கே போதும். எந்த இரண்டைக் கேட்டாலும் இவற்றுள் எங்கேனும் இணைந்திருக்கும். மாணவர்கள் இதனைத் தாளில் எழுதிச் சரிபார்க்கலாம், நல்ல பயிற்சி. மேற்சொன்ன 1,024 சேர்க்கைகளுக்கு இதே முறையில் 16 சோதனைகள் போதும். ஏழு நாள் வேலை இரண்டு மணி நாற்பது நிமிடத்தில் முடிந்துவிடும். இவ்வகை அடுக்குகளுக்கு 1940களிலேயே கணித அடிப்படை வகுத்தவர், கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் பணியாற்றிய சி. ஆர். ராவ். 1920ஆம் ஆண்டு கருநாடகத்து ஹடகலியில் பிறந்து, 2023ஆம் ஆண்டு நூற்றிரண்டு வயது கடந்து மறைந்த பெருமகனார். ஆராய்ச்சிகளைச் சிக்கனமாக வகுப்பதற்கென அவர் கண்ட கணக்கு, அந்நாளில் எவரும் கனவிலும் காணாத கைப்பேசிச் சோதனைக்கு இன்று வந்து உதவுகிறது. இதனால் என்ன பயன் என்று கணித வகுப்பில் கேட்கும் மாணவனுக்கு இவருடைய பெயரைச் சொல்லிவைக்கலாம்.

இத்துணை ஏற்பாடும் இருந்துவிட்டால் செயலி பழுதற்றது என்று உறுதி கூறிவிடலாமா? கூற முடியாது. பிழை இருப்பதைச் சோதனை காட்டுமேயன்றிப் பிழையே இல்லை என்று ஒருநாளும் மெய்ப்பிக்காது என்பதை நெதர்லாந்து நாட்டுக் கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா அரை நூற்றாண்டுக்கு முன்பே விளக்கிவிட்டார். இயந்திரம் கேட்ட கேள்விக்கு மட்டுமே விடை பார்க்கும். ‘நன்றி’ என்ற சொல் திரையில் இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது என்று சொல்லும். அது படத்தின்மேல் ஏறி மறைந்து கிடப்பதையோ, ‘நன்றீ’ என்று பிழையாக எழுதப்பட்டதையே சரியென்று முன்கூட்டிச் சொல்லிவைத்திருப்பதையோ அஃது அறியாது. திரையைப் படம்பிடித்துப் பழைய படத்தோடு ஒப்பிடும் முறை வந்திருக்கிறது. அஃது மாற்றத்தைத்தான் காட்டுமே தவிர, மாற்றம் நல்லதா கெட்டதா என்று சொல்லாது.

2020ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் ஜனநாயகக் கட்சியினர் தங்கள் அதிபர் வேட்பாளரைத் தெரிவுசெய்ய வட்டந்தோறும் கூடினர். முடிவுகளை அனுப்புவதற்கென்று கைப்பேசிச் செயலி ஒன்று அவசரமாகச் செய்யப்பட்டிருந்தது. கூட்டத் தலைவர்கள் பலருக்கு அதனைக் கைப்பேசியில் ஏற்றுவதும் உள்ளே நுழைவதுமே பெரும்பாடாயிற்று. உள்ளே சென்ற எண்கள் சரியாகவே பதிவாகியும், நிரலில் இருந்த பிழையால் அவற்றின் ஒரு பகுதி மட்டுமே வெளிவந்ததாகக் கட்சியே பின்னர் அறிவித்தது. உலகமே விடிய விடியக் காத்திருந்தது, முடிவு வரவில்லை. மாநிலம் முழுவதும் பயன்படுத்தும் அளவிற்கு அந்தச் செயலி முன்னதாகச் சோதிக்கப்படவில்லை என்று செய்தித்தாள்கள் எழுதின. தாள்களில் எழுதிவைத்திருந்த குறிப்புகளே இறுதியில் உதவின.

பட்டியலில் எந்தக் கருவிகளைச் சேர்ப்பது என்பதை எந்தக் கணக்கும் சொல்லித் தருவதில்லை. அதனை மனிதரே முடிவுசெய்கின்றனர். வழக்கமாக, எந்தக் கைப்பேசி மிகுதியாக விற்கிறது, எந்தப் பதிப்பை மிகுதியானோர் வைத்திருக்கின்றனர் என்று கணக்குப் பார்த்து, மேலிருந்து கீழாக எடுத்துக்கொண்டு ஓரிடத்தில் கோடு கிழிப்பார்கள். வணிகத்திற்கு அது போதும். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேரை எட்டிவிட்டால் இலாபம் கிடைத்துவிடும். எஞ்சிய ஐவருள் பாட்டியின் பழைய கைப்பேசியில் பாடம் படிக்கும் பிள்ளை இருக்கிறான். கல்விக்கென்று செய்யும் செயலிக்கு அதே கோட்டை அதே இடத்தில் கிழிப்பது எவ்வகையிலும் ஏற்புடையதன்று. முதலில் அந்தப் பழைய கருவியைப் பட்டியலில் எழுதிக்கொண்டு பிறகு மற்றவற்றுக்குப் போகலாம். பள்ளிகளுக்குச் செயலி வாங்குவோர் விலையையும் வண்ணத்தையும் கேட்பதற்கு முன், எந்தெந்தக் கருவிகளில் சோதித்தீர்கள், தமிழில் சோதித்தீர்களா, எழுத்தைப் பெரிதாக்கிச் சோதித்தீர்களா என்று கேட்டு எழுத்தில் பெறலாம். அதற்குக் கணினி அறிவு ஒன்றும் தேவையில்லை.

ஆண்டிராய்டுச் செயலி ஒவ்வொன்றிலும் அது ஏற்கும் மிகப் பழைய பதிப்பு எது என்பதைக் குறிக்கும் எண் ஒன்று இருக்கிறது. நிரலாளர் அந்த ஒற்றை எண்ணை ஒரு படி உயர்த்தினால் அவருக்கு வேலை குறையும். சோதனைப் பட்டியல் சுருங்கும். புதிய வசதிகளும் கிடைக்கும். அதற்குக் கீழே உள்ள கருவிகளை வைத்திருப்போருக்கு அங்காடியில் அந்தச் செயலியின் புதிய பதிப்பு கிடைப்பதில்லை.